ஆவாரங்குட்டையின் வெயில் வழக்கு

ஆவாரங்குட்டையில் அந்த வருஷம் பங்குனி பிறப்பதற்கு முன்பே வெயில் பிளந்து கட்டியது.

நண்டுகள் கரையில் நடக்கவில்லை, குதித்தன. ஓர் ஓணான் இரண்டு ஆலிலைகளைக் காலடியில் இழுத்துக்கொண்டே போனது. செருப்பாம்! கொக்கு ஒற்றைக்காலில் நின்றது தவத்துக்காக அல்ல. இன்னொரு கால் சுட்டுவிட்டது. புதரிலிருந்து உருண்டு பாறைமேல் விழுந்த ஒரு காடை முட்டை அங்கேயே வெந்து போயிற்று.

"இது வழக்கமான வெயிலா, வழக்கமில்லாத வெயிலா?" குட்டை முழுக்க இதே பேச்சு.

அந்தக் குட்டையில் வயதில் மூத்தவர் மந்தராசலம் என்ற ஆமை. கல் போன்ற முதுகு, சுருக்கம் விழுந்த கழுத்து, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிற நடை. பார்த்தால் மகாஞானி மாதிரி இருப்பார். ஆனால் அதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அன்று காலை அவர் கொட்டாவி விட்டபடி சேற்றுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு முயல் ஓடிவந்து குறுக்கே நின்றது.

"பெரியவரே! எங்களைவிட உலகம் பார்த்தவர் நீங்கள். சொல்லுங்கள், இந்த வெயில் எப்போதும் அடிக்கிற வெயில்தானா?"

பெரியவரே! மந்தராசலத்தின் கழுத்து ஓட்டைவிட்டு நீளமாக வெளியே வந்தது. கொட்டாவி பறந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு வெயிலா?" என்றார். "அந்தக் காலத்தில் அடித்ததே, அதுதான் வெயில்! நிழலுக்கே வியர்த்துக் கொட்டியது!"

"ஆ!" என்றது முயல்.

"பாறையில் விழுந்து முட்டை வெந்ததாமே? அப்போதெல்லாம் முட்டை வெந்துதான் வெளியே வரும்!"

முயல் நாலு கால் பாய்ச்சலில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டது. உச்சிவேளைக்குள் பெரிய கூட்டம் கூடிவிட்டது. மான்கள் வந்தன, காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு வந்தன, தவளைகள் முன்வரிசையில் இடம் பிடித்தன. மந்தராசலம் ஒரு கல்மேல் ஏறி உட்கார்ந்தார். தூக்கத்தில் கண் சொக்கியது. ஆனால் இத்தனை பேர் வாய் பிளந்து தன்னையே பார்க்கும்போது யாருக்குத் தூங்க மனசு வரும்?

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மந்தராசலம் தம் ஆயுளில் ஒரு கோடையைக்கூடப் பார்த்ததில்லை! மாசி முடியும்போது சேற்றுக்குள் புதைந்து கண்ணை மூடுவார். மழைக்காலமும் முடிந்து மண் ஊறிக் குளிர்ந்த பிறகுதான் திறப்பார். கோடையில் ஆமையைக் காணோமே என்று யாரும் தேடியதில்லை. அதனால் இந்தச் சங்கதி யாருக்கும் தெரியாது.

கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் தலையாட்டவில்லை. அவள் நீலவல்லி என்கிற மீன்கொத்தி. குட்டைக்கரையின் பொந்தில் அவளுடைய குஞ்சுகள் இருந்தன. இன்னும் சிறகு முளைக்காத குஞ்சுகள்.

"எனக்கென்னவோ இது வழக்கமாகத் தெரியவில்லை பெரியவரே!" என்றாள். "போன வருஷம் இந்நேரம் நான் முங்கி மீன் பிடித்த இடத்தில் இன்று வண்டு உருள்கிறது. பொந்துக்குள்ளேயே என் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது!"

"நீ நேற்றுப் பிறந்தவள் அம்மா!" என்றார் மந்தராசலம். "ஒரு கோடையில் சூரியனே தாகம் தாங்காமல் இறங்கி வந்து இந்தக் குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இருமினான்கூட!"

கூட்டம் கைதட்டியது. அவ்வளவுதான், குட்டை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிழக்குக் கரைத் தவளைகள், "வழக்கம்தான்! வழக்கம்தான்!" என்று கத்தின. மேற்குக் கரைத் தவளைகள், "இல்லை! இல்லை!" என்று பதில் கொடுத்தன. நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தேரை, "வழக்கம்தான் இல்லை! வழக்கம்தான் இல்லை!" என்று கத்தி இரண்டு பக்கமும் உதை வாங்கியது. தினமும் பொழுது விடிந்தால் வாதம், பொழுது சாய்ந்தால் வாதம். தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, வாதம் செய்கிறவர்களும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். வாதம் மட்டும் வற்றவே இல்லை.

ஒரு நாள் குழிமுத்து என்ற காட்டுப்பன்றி எழுந்து நின்றான். குழி பறிப்பதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. பேச மட்டும் அவ்வளவாக வராது.

"குன்றுக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கு. இப்பவே கிளம்பினால் குட்டிகள் நடந்துவிடும். பாறை இன்னும் சூடேறிவிட்டால் தாண்ட முடியாது. போகலாமா, வேண்டாமா? பெரியவர் சொல்லட்டும்."

எல்லாரும் மந்தராசலத்தைப் பார்த்தார்கள். 'எனக்கு எப்படித் தெரியும்?' என்று அவர் மனசு முனகியது. ஆனால் வாய் மனசைக் கேட்கவில்லை.

"பயந்தாங்கொள்ளிகளா!" என்றது வாய். "ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். இதோ நாலு நாளில் மழை கொட்டப் போகிறது. போனால் நனைந்து தும்முவீர்கள்!"

யாரும் போகவில்லை.

நாலு நாள் போயிற்று. மழை வரவில்லை. வானத்தில் ஒரு மேகமாவது தென்பட வேண்டுமே! துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குன்றின் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. அதைத் தாண்டிப் பார்க்கப் போன ஒரு மான் குளம்பு கொப்பளித்துத் திரும்பி வந்தது. குட்டை சுருங்கிக் குழியாயிற்று. குழி சுருங்கி, எருமைக் குளம்படி அளவுக்கு வந்தது. தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டன. குழிமுத்துவின் குட்டி ஒன்று தாயின் நிழலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

மந்தராசலம் அந்தக் குட்டியைப் பார்த்தார்.

அப்போது நீலவல்லி பறந்து வந்து அவர் முன்னால் இறங்கினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"பெரியவரே, நான் தோற்றுவிட்டதாகவே இருக்கட்டும்," என்றாள். "இது வழக்கமான வெயில்தான். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இப்போது ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இதற்கு முன்னால் இப்படிக் குட்டை வற்றியபோது எல்லாரும் எங்கே போய்த் தண்ணீர் குடித்தார்கள்?"

இத்தனை நாள் மந்தராசலத்துக்கு விழுந்த கைதட்டல் எல்லாம் சேர்ந்தும் இந்தக் கேள்விக்குப் பதில் தரவில்லை.

ஆனால் அவருடைய முதுகுக்கு ஒன்று தெரியும். வருஷா வருஷம் அவர் புதைகிற இடம் கரையில் நின்ற மருதமரத்து வேருக்கடியில் இருந்தது. அங்கே மண் ஒருபோதும் காய்ந்ததில்லை. ஓட்டின் அடியில் எப்போதும் சில்லென்று ஏதோ கசிந்துகொண்டே இருக்கும்.

"மருதமரத்து வேருக்குக் கீழே தோண்டுங்கள்," என்றார் மெதுவாக.

குழிமுத்து போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தான். "மேல் மண் கல் மாதிரி இறுகிக் கிடக்கு. ஒரு வாசனையும் வரவில்லை. எனக்கு இன்னும் ஒரே ஒரு குழி தோண்டத்தான் தெம்பு இருக்கு பெரியவரே. அது தப்பாகப் போனால் என் குட்டி போச்சு. அங்கே தண்ணீர் இருக்குன்னு நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்!"

"எப்படித் தெரியும்?"

"அது... என் பாட்டனார் சொல்லியிருக்கிறார்."

"பாட்டனார் பார்த்தாரா?"

மந்தராசலத்துக்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பாதி இழுத்தும்விட்டார். இழுத்த தலைக்கு நேரே பன்றிக்குட்டியின் வயிறு தெரிந்தது. இப்போது அது இன்னும் மெதுவாக ஏறி இறங்கியது.

தலையை வெளியே நீட்டினார். கல்லைவிட்டு இறங்கினார். "யாரும் சொல்லவில்லை," என்றார். "நான் ஒவ்வொரு கோடையும் அந்த வேருக்கடியில்தான் படுத்துத் தூங்குவேன். அடிவயிறு எப்போதும் ஈரமாக இருக்கும். அதனால் தெரியும்."

முயல் காதை விடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"ஒவ்வொரு கோடையுமா?" என்று கேட்டது முயல்.

"ஒவ்வொரு கோடையும்."

"முழுக் கோடையுமா?"

"முழுக்க. மழைக்காலமும் முடிந்த பிறகுதான் எழுந்திருப்பேன். நான் பார்க்கிற முதல் கோடையே இதுதான்."

"அப்படியானால் நிழலுக்கு வியர்த்தது?"

"கனவில்."

"சூரியன் இருமியது?"

"அதுவும் கனவில்தான். நல்ல கனவு."

முதலில் அந்தத் தேரைதான் சிரித்தது. காய்ந்த தொண்டையில் "க்ளுக்" என்று ஒரு சிரிப்பு. பிறகு கொக்கு சிரித்து, ஒற்றைக்கால் தடுமாறி விழுந்தது. மான்கள் கொம்பு முட்டிக்கொண்டு சிரித்தன. தண்ணீர் இல்லாத ஊரில், கண்ணில் தண்ணீர் வர எல்லாரும் சிரித்தார்கள். மந்தராசலம் கூனிக் குறுகி நின்றார். 'ஓடு இத்தனை பெரிதாக இருந்தும் ஒளிய இடமில்லையே!' என்று இருந்தது அவருக்கு.

குழிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. மருதமரத்தடிக்கு நடந்தான்.

"என்ன குழிமுத்து, இத்தனை புளுகியவரை நம்புகிறாயா?" என்று முயல் கத்தியது.

"பெருமைக்காகத்தான் புளுகுவார்கள். இப்படி மானம் போகிற மாதிரி யாராவது புளுகுவார்களா? இது உண்மைதான்!" என்று சொல்லிவிட்டு மண்ணில் மூக்கைக் குத்தினான்.

மண் பறந்தது. காய்ந்த மண். இன்னும் தோண்டினான், அதுவும் காய்ந்த மண். மந்தராசலமும் பக்கத்தில் போய் நகத்தால் பிராண்டினார். நண்டுகள் வந்து சேர்ந்தன. ஓணான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது. "இன்னும் கீழே! இன்னும் கீழே! என் ஓடு இதைவிட ஆழத்தில் இருக்கும்!" என்று மந்தராசலம் கத்தினார். குழிமுத்துவின் முதுகு குழிக்குள் மறைந்தது. வால் மறைந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தும்மல்.

"என்ன ஆச்சு?" என்று நீலவல்லி பதறினாள்.

"மூக்குக்குள் தண்ணீர் போயிடுச்சு!" என்றான் குழிமுத்து.

தண்ணீர்! முதலில் ஒரு கசிவு, பிறகு ஒரு குமிழி, பிறகு குபுகுபுவென்று ஊற்று! தாய்ப்பன்றி குட்டியைக் கவ்விவந்து ஈரத்தில் போட்டது. குட்டி நாக்கை நீட்டியது, நக்கியது, எழுந்து நின்று முதல் வேலையாகத் தன் தம்பியை முட்டித் தள்ளியது! நீலவல்லி அலகில் நீர் மொண்டு பொந்துக்கும் ஊற்றுக்குமாகப் பறந்தாள். கிழக்குக் கரைத் தவளையும் மேற்குக் கரைத் தவளையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குடித்தன. வழக்கமான தண்ணீரா, வழக்கமில்லாத தண்ணீரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கிற வரைக்கும் அந்த ஊற்று தாங்கியது.

பிறகு ஒரு பிற்பகலில் வானம் கறுத்தது. குன்றுக்கு மேலே ஏதோ பளிச்சென்று வெட்டியது. மந்தராசலம் துள்ளி விழுந்தார்.

"ஐயையோ! அது என்ன?"

"மின்னல், பெரியவரே!" என்றாள் நீலவல்லி.

"இந்தச் சத்தம்?"

"இடி!"

"இந்த வாசனை? எங்கேயிருந்து வருகிறது இந்த வாசனை?"

"மண்ணிலிருந்து! மழை வருகிறது!"

ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. தம் வாழ்நாளில் அவர் பார்த்த முதல் மழையின் முதல் சொட்டு அது. அண்ணாந்து வாயைப் பிளந்து நின்றார். பிறகு, யோசித்து யோசித்து நடக்கிற அந்த மந்தராசலம், நாலு காலையும் உதறிக்கொண்டு குட்டையைச் சுற்றி ஓடினார்! "இது எப்படி மேலேயிருந்து விழுகிறது? ஏன் நிற்காமல் விழுகிறது? யாராவது சொல்லுங்களேன்!" என்று எதிரில் வந்தவரையெல்லாம் கேட்டுக்கொண்டே ஓடினார். தவளைகள் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டு அவர் பின்னால் குதித்தன.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவர் சொல்லும்போதுதான், அவருக்குத் தெரிந்தது நாலு பேரைக் காப்பாற்றும்.