நரி குறைத்த படி

ஒரு காட்டில் பெரிய ஏரி இருந்தது. அதன் கரைதான் சொத்தை. மழைக்கு முன் கரையை உயர்த்தச் சொல்லி யானை ராஜா எல்லாருக்கும் தினையைக் கூலியாக அளந்தது. கூலியில் ஆளுக்கு ஒரு பிடி பொதுக் குதிரில் விழும். வேலையில் அடிபட்டவர் குணமாகும்வரை அதிலிருந்து நாளுக்கு இரண்டு படி வாங்கிக்கொள்ளலாம். குதிருக்குக் காவல் நரி.

ஒரு குரங்கு காலையில் இடது காலை நொண்டியது; மாலையில் வலது காலை நொண்டியது. இப்படியே பத்து நாள் உட்கார்ந்து தின்றது. நரிக்கு வந்ததே கோபம்! "இனி யார் அடிபட்டாலும் அரைப்படிதான்!" என்று அறிவித்தது.

மறுநாளே கரடியின் முன்னங்காலில் கல் விழுந்தது. பாவம், ஒருநாள்கூட மட்டம் போடாத கரடி அது. வைத்தியம் பார்க்கும் கொக்கு பச்சிலை கட்டி, "பதினைந்து நாள் காலை ஊன்றாதே" என்றது.

கரடிக்கு மூன்று குட்டிகள். அரைப்படி தினை அவற்றின் கடைவாய்க்கே காணவில்லை. "அம்மா, பசிக்குது" என்று மூன்றும் அழுதபோது, கால்வலியைவிட அதுதான் கரடிக்கு அதிகம் வலித்தது. நான்காம் நாள் கட்டோடு வேலைக்கு வந்துவிட்டது.

"பார்த்தீர்களா! படியைக் குறைத்தால் காயம் சீக்கிரம் ஆறுகிறது!" என்று நரி துள்ளியது.

"ஆறவில்லை, நரியண்ணே. பசிக்கிறது."

நரி அதைக் காதில் வாங்கவே இல்லை.

அன்று கரைமேல் பாறையை உருட்டிப் போகும்போது கரடியின் கால் மடங்கியது. பாறை கீழே உருண்டது. கழுதையின் விலாவை இடித்தது, முயலின் காலை நசுக்கியது, புதுக்கரையில் பாதியைப் பெயர்த்தது. கடைசியில் வேடிக்கை பார்த்த நரியின் வால்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஒரு காயம் நான்கானது. கரடிக்குப் பதினைந்து நாள் போய் இரண்டு மாதம் என்றாயிற்று. அரைப்படி அரைப்படியாக அள்ளியே குதிரில் அடிமண் தெரிந்தது. அதை நிரப்ப எல்லாரும் ஒரு பிடிக்கு இரண்டு பிடி போட்டார்கள்.

நரி வாலில் கட்டோடு புலம்பியது: "அரைப்படி எனக்கு எந்த மூலைக்கு?"

"கவலைப்படாதே, நரியண்ணே. படியைக் குறைத்தால் காயம் சீக்கிரம் ஆறுமாமே!" என்றது கரடி.

நரிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாளே படி பழையபடி இரண்டானது. காயம் மெய்யா பொய்யா என்று கொக்கு பார்த்துச் சொன்னது. முதலில் மண்கூடை தூக்கியது அந்தக் குரங்குதான்.

நீதி: பொய் நொண்டியைப் பிடிக்க மெய் நொண்டியைப் பட்டினி போட்டால், படியில் பிடித்த மிச்சம் குதிரோடு போகும்.