பின்னால் கேட்ட ‘ம்’

"நாப்பது வருஷமா உன் முதுகையே பார்த்துட்டிருக்கேன். ஒரு தடவையாவது திரும்பி, பின்னாடி ஒருத்தி இருக்காளான்னு பார்த்திருக்கியா?"

இப்படித்தான் கேட்டா அந்தத் தங்கச்சி. ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை. முழங்கால் அளவு பனியில நின்னுட்டு, மூக்கு ஒழுக, இதைத்தான் கேட்டா.

எந்தத் தங்கச்சியா? சொல்றேன், அவசரப்படாதே. போர்வையைக் காலால தள்ளாதே. நீ ‘ம்’ கொட்டணும், அதுதான் ஒப்பந்தம். உன் ‘ம்’ நின்னா என் கதையும் நின்னுடும்.

"ம்."

ஒரு பனி ஊர்ல ஒரு சறுக்கு வண்டி. சுவிஸ் நாட்டு மலை மேல. மரத்துல செஞ்ச வண்டி, சக்கரம் கிடையாது, அடியில ரெண்டு இரும்புப் பட்டைதான். மேலே இருந்து விட்டா சர்ர்ர்ருனு அதுவா கீழே ஓடும். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர் உட்காரலாம். அந்த வண்டியை நடுவுல வெச்சுக்கிட்டுத்தான் ஈரோட்டுல இருந்து போன ஒரு அக்காவும் தங்கச்சியும் சண்டை போட்டாங்க.

அக்கா பேரு சுகந்தி. அம்பத்தி மூணு வயசு. தங்கச்சி ரேணுகா, ரெண்டு வயசு சின்னவ. சுகந்தியோட மகன் அந்த நாட்டுல வேலை பார்க்கிறான். "சித்தியையும் கூட்டிட்டுப் போய் மூணு நாள் பனியைப் பாரும்மா"ன்னு ரூம் போட்டுக் குடுத்தான். தனக்கு மட்டும் லீவு கிடைக்கலைன்னு ரெண்டு பேரையும் ரயிலேத்தி விட்டுட்டான், மகராசன்.

சண்டை என்னவோ வண்டிக்குத்தான். ஆனா அது வண்டியில ஆரம்பிச்ச சண்டை இல்லை. சின்ன வயசுல அப்பா ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்கிற இடம் அக்காவுக்கு. கான்வென்ட்டுக்குப் போன சைக்கிளை மிதிக்கிறது அக்கா, கேரியர்ல பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு தங்கச்சி. பஸ்ல ஜன்னலோரம் அக்கா, கல்யாண போட்டோவுல முன் வரிசை அக்கா. ரேணுகா அந்த வயசுல பார்த்த உலகத்துல பாதி, அக்காவோட ரெட்டை ஜடைதான்.

அக்கா இதுக்கெல்லாம் பதில் பேசுறவ இல்லை. பத்து வார்த்தை திட்டினாலும் ஒரே ஒரு ‘ம்’. நீ சொல்றியே, அதே மாதிரி.

"ம்."

அன்னிக்கு மத்தியானம் டப்பாவுல கொண்டு போன புளிசாதம் ஐஸ்கட்டியா விறைச்சுப் போச்சு. அதை நொறுக்கித் தின்னுட்டு, ரெண்டு பேரும் குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டு மலை மேல போனாங்க. அங்கே சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் வண்டி குடுத்தார். கான்வென்ட்ல சிஸ்டருங்க அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்த இங்கிலீஷ் அவர்கிட்ட எடுபடலை. அவங்க பாஷை வேற. அதனால அவர் கையால காட்டினார். முன்னாடி இருக்கிறவங்க காலை ஊன்றித் திருப்பணும். பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி ஆளோட இடுப்பைக் கெட்டியாக் கட்டிக்கணும். கெட்டியா, கெட்டியான்னு ரெண்டு தடவை காட்டினார்.

முதல் தடவை அக்கா முன்னாடி. சர்ர்ர்ருனு போய்க் கீழே தொபுக்குனு விழுந்தாங்க. அப்போ பின்னாடி வண்டியில வந்த ஒருத்தர் "ஆக்தூங், ஆக்தூங்"னு கத்திக்கிட்டே விலகிப் போனார்.

ரேணுகா பனியைத் துப்பிட்டுச் சொன்னா: "கேட்டியா? அக்கா தூங்குங்கிறான். உன் முகத்தைப் பார்த்தா வெள்ளைக்காரனுக்கே தெரியுது."

அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அந்தப் பயணத்துலயே ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் ரெண்டாவது தடவை. மறுபடியும் அக்காதான் முன்னாடி. "இப்பதான்டி கை பழகுது, இன்னொரு தடவை"ன்னா. அக்கா காலை ஊன்றும்போதெல்லாம் பனி சளேர் சளேர்னு தங்கச்சி வாயில வந்து அடிச்சது. வழியில யாரோ "ஆக்தூங்"னாங்க. அக்கா சிரிச்சா. ரேணுகா சிரிக்கலை.

மூணாவது தடவைக்கு மேலே வந்து நின்னப்போதான் அந்தக் கேள்வியைக் கேட்டா. பின்னாடி ஒருத்தி இருக்காளான்னு பார்த்திருக்கியான்னு. அக்கா கொஞ்ச நேரம் கையுறையில ஒட்டின பனியைத் தட்டிட்டே இருந்தா.

"சரி, நீ முன்னாடி உட்காரு," அப்படின்னா.

மணி நாலுகூட ஆகலை, வெளிச்சம் சாம்பலாப் போச்சு. ரேணுகா முன்னாடி உட்கார்ந்தா. அக்கா பின்னாடி உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்கிட்டா.

"எனக்குப் பயமா இருக்குடி. பின்னாடி ஒண்ணும் தெரியலை."

"இப்பத் தெரியுதா? இப்படி நெரிக்காதே, மூச்சு முட்டுது. கையை எடு. நான் பார்த்துக்கிறேன்."

"ம்"னா அக்கா. கை தளர்ந்தது.

‘ம்’ எங்கே? கண்ணு சொக்குதா என்ன?

"...ம்."

வண்டி கிளம்பிச்சு. சர்ர்ர்ர். முன்னாடி முதுகு இல்லை, ஜடை இல்லை. மலை முழுக்க ரேணுகாவுக்கு. "அந்த மரத்தைப் பாரு," அப்படின்னா. பின்னாடி "ம்". "அந்த வைக்கோல் குடிசையைப் பாரு." "ம்". அப்போ ஒரு வளைவு வந்தது. ரேணுகா காலை ஊன்றினா, வண்டி விசுக்குனு திரும்பிச்சு. திரும்பின வேகத்துல லேசாச்சு. விர்ர்ர்ருனு பறந்தது.

"பார்த்தியா, நான் ஓட்டினா எப்படிப் போகுதுன்னு."

பதில் இல்லை. கோவிச்சுக்கிட்டா போலன்னு நினைச்சா. மேலே வளைவுல இருந்து ஒரு குரல் "ஆக்தூங், ஆக்தூங், ஆக்தூங்"னு கத்திச்சு.

"உன்னைத்தான் தூங்கச் சொல்றாங்க," அப்படின்னு சிரிச்சா. திரும்பிப் பார்க்கலை. முன்னாடி இடத்துல உட்கார்ந்தா திரும்பிப் பார்க்கத் தோணாது போல.

கீழே வந்து வண்டி நின்னது. "இறங்கு"ன்னா. நின்னா. அப்புறம்தான் திரும்பினா.

பின்னாடி பலகை காலியா இருந்தது. இடுக்குல ஒரு கையுறை மட்டும் மாட்டிக்கிட்டு இருந்தது.

மேலே ஓடினா. கறுக் மொறுக், கறுக் மொறுக். மூணு தடவை வழுக்கி விழுந்தா, மூணு தடவையும் "அக்கா"ன்னு கூப்பிட்டுட்டே எழுந்தா. வளைவுக்குப் போனா, சிவப்பு ஜாக்கெட்காரர் பாதை நடுவுல ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறார். மேலே இருந்து வர்ற வண்டிகளைப் பார்த்து "ஆக்தூங்"னு கத்துறார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அப்போதான் புரிஞ்சது. தூங்கச் சொல்ற வார்த்தை இல்லை அது. பார்த்து வா, இங்கே ஒரு ஆள் விழுந்து கிடக்குன்னு சொல்ற வார்த்தை. மலை முழுக்க அவளுக்குச் சொல்லியிருக்கு. அவ சிரிச்சிருக்கா.

அக்கா மரத்தடியில கிடந்தா. குல்லா நகர்ந்து ஒரு காது தெரிஞ்சது. இமை மேல பனி, உருகாம இருந்தது.

அப்புறம் ரெண்டு பேர் நீளமான ஒரு சறுக்கு வண்டி கொண்டு வந்தாங்க. அக்காவை வெள்ளிக் காகிதம் மாதிரி ஒண்ணுல சுத்திப் படுக்க வெச்சு இழுத்துட்டுப் போனாங்க. ரேணுகா பின்னாடியே நடந்தா. மறுபடியும் அக்கா முன்னாடி, தங்கச்சி பின்னாடி.

"இனிமே நீயே முன்னாடி உட்காரு. நான் கேட்கவே மாட்டேன்," அப்படின்னா. "ஒரே ஒரு ‘ம்’ சொல்லுக்கா."

சர்ர்ர்ருனு வண்டிச் சத்தம்தான் கேட்டது.

அப்புறம் என்ன, ரெண்டு பேரா போனவங்கள்ல ஒருத்தி ஊருக்குத் திரும்பி வந்தா. பிளேன்ல ஜன்னலோர சீட்டுதான் அவளுக்கு. உட்காரலை, யாருக்கோ குடுத்துட்டா. குழந்தைங்களைப் படுக்க வைக்கிறப்போ எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை இருக்கே, அதை இன்னி வரைக்கும் எந்தக் குழந்தைகிட்டயும் அவ சொல்றதில்லை. உனக்கும் ஒரு நாளும் சொன்னதில்லை, கவனிச்சிருக்கியா?

சறுக்கு வண்டி கீழே வந்தாச்சு, கதையும் கூடவே வந்தாச்சு. கண்ணை மூடிக்கோ.

மூடுறதுக்கு முன்னாடி ஒரு ‘ம்’ சொல்லிட்டு மூடு, கண்ணு. ஒண்ணே ஒண்ணு.