தண்ணீருக்கு வைத்த முத்திரை

முன்னொரு காலத்தில் குவளை நாடு என்றொரு நாட்டை விசயகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தான். வாய்தான் அப்படிச் சொல்கிறது, நாட்டை ஆண்டது அவனுடைய ஆசைகள். ஒரு வருஷம் மயில் வளர்த்தான், மறு வருஷம் நாடகம் போட்டான். அப்புறம் பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போனவன் அங்கே ஒரு காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டான். பழைய வாள், பழைய பானை எல்லாவற்றையும் அடுக்கிவைத்துக் காவல் போட்டிருந்தார்கள். தொட்டுப் பார்க்கப் போன நம் ராஜாவையே "கை படக்கூடாது" என்று தடுத்துவிட்டார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது.

"அந்த ராஜாவுக்கு நாட்டுக்கு ஒன்று. எனக்கு ஊருக்கு ஒன்று!" என்றான். கஜானா திறந்தது. ஊர் ஊராகப் பொன் மூட்டை வண்டியேறியது.

கீழ்மடை என்ற ஊருக்கும் ஒரு மூட்டை வந்தது. அந்த ஊர் ஏரியின் மதகைத் திறந்து மூடுகிறவள் குருவம்மா. முந்தின மழையில் கரை உடைந்து, ஏரித் தண்ணீர் அத்தனையும் காட்டுக்கு ஓடிவிட்டது. கரையைக் கட்டித் தரச் சொல்லி மூன்று முறை அரண்மனைக்கு நடந்தாள். மூன்று முறையும் "கஜானா காலி" என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த வருஷமும் விளையாவிட்டால் ஊரே மூட்டை கட்டவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துக் காட்சிச்சாலைக்குப் பணம் வருகிறது! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நாலாம் முறையும் நடந்தாள். அரசவையில் அலங்கார அதிகாரி தாண்டவமூர்த்தி உட்கார்ந்திருந்தார். தன்னைத் தவிர யாராவது ராஜாவைச் சிரிக்க வைத்தால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

"ஐயா, நாங்க கேட்டது கரை. வந்தது காட்சிச்சாலை."

"கேட்டதைக் கொடுக்க ஊர்ச் செட்டியார் போதும். கேட்காததைக் கொடுக்கத்தான் ராஜா வேண்டும்!"

"சரிங்க. அது எப்படி இருக்கணும்?"

"நாலு பக்கமும் உறுதியான அடைப்பு. ஒரு கதவு. உள்ளே உங்கள் முன்னோர் காலத்து அரும்பொருள். வாசலில் மகாராஜாவின் பெயர்."

"அடைப்பு மண்ணுல இருக்கலாமா?"

"மண்ணோ கல்லோ, யாருக்குக் கவலை? பெயர் பெரிதாக இருக்கவேண்டும். போ, போ!"

குருவம்மா போனாள். ஆனி மாதம் ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. கரை உயர்ந்தது, மதகுக்குப் புதுக் கதவு வந்தது. ஐப்பசியில் மழை கொட்டி ஏரி தளும்பியது. நடவு முடிந்து, மார்கழியில் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் ராஜா பரிவாரத்தோடு வந்து இறங்கினான்.

"எங்கே காட்சிச்சாலை?"

"முன்னாடிதான் இருக்குது சாமி" என்று குருவம்மா ஏரியைக் காட்டினாள்.

தாண்டவமூர்த்தி குதித்தார். "மோசடி! மகாராஜா, இவள் கையை வெட்டவேண்டும்!"

"ஐயா சொன்னபடிதானே கட்டினோம்? மூணு பக்கம் கரை, நாலாவது பக்கம் மேடு. கதவு, அந்தா மதகு. உள்ள இருக்கிற அரும்பொருள் தண்ணி. சாமியோட பாட்டனாருக்குப் பாட்டனார் வெட்டுன ஏரி இது. இதைவிடப் பழசு எங்க ஊர்ல வேற இல்லீங்க. அந்தக் கல்லுல பாருங்க, சாமி பேரு ஆள் உயரத்துக்கு இருக்குது."

ராஜா பெயரைப் பார்த்தான். தண்ணீரில் தன் முகத்தையும் பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"தாண்டவமூர்த்தி, உம் வாயாலேயே உம்மை மடக்கிவிட்டாளே! இனி இந்தக் காட்சிச்சாலைக்கு நீர்தான் வாசற்காவல்." முத்திரை குத்திய பொன் காப்பு ஒன்றைக் குருவம்மாவின் கையில் பூட்டினான். ராஜ முத்திரை குத்திய பொருளை விற்றால் தலை போகும். ஊர் ஆரவாரித்தது. குருவம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

குதிரை ஏறப்போன ராஜா திரும்பினான். "அரும்பொருளைக் கண்டவனும் தொடலாமா? பக்கத்து நாட்டில் என்னையே தொடவிடவில்லை! கதவைப் பூட்டி முத்திரை வையுங்கள். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது."

குருவம்மா காலில் விழுந்தாள். "சாமி! பயிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் மூணு தண்ணி பாய்ச்சலேன்னா எல்லாம் பதராப் போயிடும்!"

"அடடா, இவள் பேச்சுக்கு முடிவே இல்லை!" என்று ராஜா மறுபடியும் சிரித்தான். ஒரு முறை சிரிக்க வைத்தவள் அழுதாலும் அவனுக்கு விகடம்தான்.

மதகில் தாண்டவமூர்த்தி வாள் பிடித்த சேவகர்களோடு உட்கார்ந்தார். ஊரார் ராஜாவுக்கு எழுதிய ஓலைக்கெல்லாம் பதில் வரவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் காய்ந்த பயிர். தன் புத்தியே ஊரைக் கெடுத்தது என்று குருவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குடும்பமாக ஊரைவிட்டுப் போனது. அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அதுதான் அவளை அதிகம் சுட்டது.

மறு மார்கழியில் ராஜா பக்கத்து நாட்டு ராஜாவையே அழைத்துக்கொண்டு பெருமையாக வந்தான். "குருவம்மா! இன்னொரு காட்சிச்சாலைக்கும் பணம் தருகிறேன். உங்கள் ஊரில் வேறென்ன அரும்பொருள் இருக்கிறது?"

அவள் குடிசைக்குள் போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அடியில் ஒரு பிடி சோறு.

"இது சோறு சாமி. முன்னோர் காலத்துல எங்க ஊர்ல நிறைய இருந்துச்சாம். இப்ப மிச்சம் இதுதான். இதுக்கும் ஒரு முத்திரை வச்சிருங்க."

பக்கத்து நாட்டு ராஜா தலையைக் குனிந்துகொண்டான். நம் ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பார்த்தீரா என் குடிமக்களின் சாதுரியத்தை!" என்று அவளுடைய மறு கையிலும் ஒரு காப்பைப் பூட்டினான். சேவகர்கள் சட்டியை வாங்கி, துணியால் கட்டி, அரக்கு முத்திரை வைத்துப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

குருவம்மாவின் அன்றைய சாப்பாடு அது. விற்க முடியாத இரண்டு காப்புகளோடு, வெறும் வயிற்றோடு, ஊரார் போன பாதையில் அவளும் நடந்தாள். ஏரி இன்றைக்கும் நிறைந்திருக்கிறதாம். பார்க்க வருகிறவர்கள் அழகு என்கிறார்கள்.