இதே குரல்தான், சத்தியமா!

ஜங்ஷனில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் செவத்தியான் எவர் குரலிலும் அச்சு அசலாய்ப் பேசுவான். அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது. டில்லி எக்ஸ்பிரஸில் குண்டு இருப்பதாக எவனோ ஃபோனில் கதைவிட, மத்திய அரசு போட்ட கேஸ் இவன் தலையில் விழுந்தது. நிரூபணமானால் ஜெயில்தான்.

அந்த ஃபோனை எடுத்த ரயில்வே அதிகாரி தண்டபாணி சாட்சிக் கூண்டில் ஏறி மீசையை முறுக்கினார். "ஆயிரம் பேர் பேசினாலும் கண்டுபிடிச்சிடுவேன். இவன் குரலேதான்!"

செவத்தியான் தன் வக்கீல் மும்தாஜிடம் கிசுகிசுத்தான். "வக்கீலம்மா, நான் பேசிக் காட்டினா குரலை மாத்திட்டேன்னு சொல்லிடுவாரு. மாத்தவே தெரியாத பெரிய மனுசர் யாரையாவது பேச வைங்க."

மும்தாஜ் எழுந்தார். "சார், அன்னைக்கு ஃபோன்லதானே கேட்டீங்க? வராண்டாவில நின்னு இன்னைக்கும் ஃபோன்லயே கேளுங்களேன்."

"அதுக்கென்ன, தாராளமா!" என்று அதிகாரி விறைப்பாக வெளியே போனார். மும்தாஜ் தன் ஃபோனில் அவர் நம்பரைப் போட்டு நீதிபதியிடமே நீட்டினார். "ஐயா பெரிய மனசு பண்ணணும்."

நீதிபதி தொண்டையைச் செருமினார். "வண்டியில குண்டு இருக்குடா!"

கதவு படாரெனத் திறந்தது. "இதே குரல்தான்! இதே திருட்டுப்பய குரல்தான், சத்தியமா!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே நீதிபதி கேட்டார். "அப்ப என்னை எப்போ பிடிச்சுட்டுப் போறீங்க, தண்டபாணி?"

செவத்தியான் விடுதலையானான். மறுநாள் பிளாட்பாரத்தில் தண்டபாணி குரல் கணீரென்று கேட்டது. "இதே பிஞ்சுதான்! சத்தியமா இதே பிஞ்சுதான்!"

கூடை மட்டும் செவத்தியான் தலையில் இருந்தது.