சந்தனம் பூசிய பெட்டி

ஒரு பனியன் கம்பெனியின் தையல் கூடத்துச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று வாழ்ந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முகமெல்லாம் பொடிப்பொடியாகத் துளைகள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று உள்ளே நுழைந்தால் கத்த வேண்டும். அது ஒன்றுதான் அதன் வேலை. அந்தக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது வருவது மனிதர் மூக்குக்குத் தெரியாது. பெட்டியின் மூக்குக்கு மட்டும் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒருமுறை அது கத்தியது. முற்றத்தில் ஓடிய ஜெனரேட்டரின் புகை ஜன்னல் வழியே வந்திருந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் எழுந்து ஓடிப் பிழைத்தார்கள். அரை மணி நேர வேலை கெட்டுவிட்டது என்று சூப்பர்வைசர் நாச்சிமுத்து முணுமுணுத்தார். ஏழு உயிர் அவருக்கு அரை மணி நேரமாகத்தான் தெரிந்தது. செக்கிங் மேஜையில் துணி பார்க்கும் மயிலாத்தாள் மட்டும் அன்றிலிருந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள்.

ஆயுத பூஜை வந்தது. கூடத்தைக் கழுவி மெஷின்களை வரிசையாக நிறுத்தினார்கள். முற்றத்து ஜெனரேட்டரையும் நாலு பேர் தள்ளிவந்து வரிசையில் சேர்த்தார்கள். மயிலாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு ஸ்டூலில் ஏறினாள்.

"போன வருசம் இது கத்தலீன்னா நாம ஏழு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். இதுக்குத்தான் மொதப் பொட்டு" என்றாள்.

"கெட்டியா வெய்யி அம்மணி. ஓனரு பாக்கறப்ப பளிச்சுனு இருக்கோணும்" என்றார் நாச்சிமுத்து.

"ஐயோ, அது என் மூக்கு!" என்று பதறியது பெட்டி.

"மரியாதை செய்கிறார்கள், வாங்கிக்கொள்ளேன். எனக்குப் பார், மாலையே போட்டிருக்கிறார்கள்" என்றது ஜெனரேட்டர்.

"மூக்கை அடைத்துவிட்டு என்ன மரியாதை?"

மனிதர் காதில் இது எதுவும் விழவில்லை. சந்தனம் துளைகளுக்குள் இறங்கி, காய்ந்து, இறுகியது.

மறுபூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று காலையிலேயே அடைமழை. கரண்ட் போனது. வெள்ளைத் துணியில் சாரல் படக் கூடாது என்று ஷட்டரை இறக்கி ஜன்னல்களையும் சாத்தினார்கள்.

"அண்ணா, ஜெனரேட்டரை வெளிய தள்ளீரலாங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"இந்த மழையிலயா? சரக்கு சாயங்காலம் போகோணும். இன்னைக்கு ஒரு நாள் இங்கயே ஓடட்டும். ஏதாச்சும்னா கத்தறதுக்குத்தான் பொட்டி இருக்குதல்ல?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். நம்பினாள்.

ஜெனரேட்டர் ஓடியது. அதிலிருந்து வெளியே வந்த நச்சுக்காற்று நேராகப் பெட்டியிடம் போய் நின்றது.

"என்னைத் தெரிகிறதா?"

"சந்தன வாசனைதான் வருகிறது. யார் நீ?"

"யாரையும் அடிக்க மாட்டேன், கடிக்க மாட்டேன். தூங்க வைத்துவிட்டுப் போய்விடுவேன்."

பெட்டிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகர்ந்தால்தான் அதற்குக் கத்த வரும். மூச்சு முட்ட முகர்ந்து பார்த்தது. சந்தனம் வழிவிடவில்லை.

"ஷட்டரே, ஒரு சாண் மேலே ஏறேன்!" என்று கெஞ்சியது.

"இறக்கியவர்கள்தான் ஏற்ற வேண்டும். நான் என்ன செய்ய?" என்றது ஷட்டர்.

மயிலாத்தாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, தலை கிறுகிறுங்குதுங்க. வாந்தி வாற மாதிரி இருக்குது."

"பூஜைப் பொரியத் தின்னுபோட்டு ரண்டு நாளு படுத்துக் கெடந்தா அப்படித்தான் இருக்கும். பொட்டி கத்துச்சா? இல்லைல்ல? வேலையப் பாரு அம்மணி."

அவள் மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். அதன் பச்சை விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. சரி, ஒன்றுமில்லை என்று குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை வெள்ளைத் துணி மேல் சாய்ந்தது. ஒவ்வொருவராக மற்றவர்களும் சாய்ந்தார்கள்.

சரக்கு ஏற்ற வந்த வேன் டிரைவர்தான் ஷட்டரைத் தூக்கினார். நாச்சிமுத்துவோடு சேர்த்து ஆறு பேர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார்கள். மயிலாத்தாள் விழிக்கவில்லை.

"பொட்டி சரியில்லை. பொட்டி வித்தவன் ஏமாத்திட்டான்" என்றார் ஓனர். பெட்டியைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். ஊர் முழுக்க அதைத் திட்டியது. துளைகளை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லும்போதே வாய் கசக்கிறது.

அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. சுவரில் புதுப் பெட்டி. அதன் பக்கத்தில், சட்டம் போட்ட மயிலாத்தாள் படம். கீழே வரிசையில் மாலையோடு ஜெனரேட்டர்.

நாச்சிமுத்து கிண்ணத்தோடு ஸ்டூலில் ஏறினார். படத்துக்குப் பொட்டு வைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வழித்துப் புதுப் பெட்டிக்குக் கெட்டியாகப் பூசினார்.