கருமுடிகளுக்குக் கொடுத்த கங்கு

வெகு காலத்துக்கு முன்னே, உலகத்தின் தென்கோடியில் ஒரு பனிநாடு இருந்தது. காக்கைகூட எட்டிப் பார்க்காத இடம் அது. அங்கே வெள்ளைப் பனிக்கு மேலே மூன்று கரிய எரிமலைப் பாறைகள் தலை நீட்டி நின்றன. மூன்றாவது பாறை போன குளிர்காலத்தில்தான் முளைத்தது. மீன் பிடிக்கப் போன அதியன் காணாமல் போனதும் அப்போதுதான்.

அந்தப் பாறைதான் அவன் என்று அவன் மனைவி தழலிக்குப் புரிந்துவிட்டது. ஆட்களைக் கல்லாக்கும் பனிமாயன் என்ற மந்திரவாதியிடம் நேரே போய்ப் புருஷனைத் திருப்பிக் கேட்டாள். உன் அடுப்பிலிருந்து மூன்று கங்கு எடுத்து வா, மூன்றையும் ஒரே பாறையில் வைத்தால் அவன் எழுவான், ஒன்று குறைந்தாலும் நீ நாலாவது பாறை என்றான் அவன். அந்த ஊர் வழக்கம் அவனுக்குத் தெரியும். நெருப்பு கேட்டவருக்கு அங்கே யாரும் இல்லையென்று சொல்வதில்லை.

தழலி கங்குச்சட்டியோடு நடந்தாள். முதல் பாறை முனகியது.

"தாயே, குளிருது. கொஞ்சம் நெருப்பு குடு."

ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கங்கை அதன் இடுக்கில் வைத்துச் சாம்பலால் மூடினாள். ராத்திரி அடுப்பை மூடும்போது சொல்வதைச் சொன்னாள்: "தூங்கு கங்கே, விடியும்போது விழி."

இரண்டாவது பாறையும் கேட்டது. அதற்கும் ஒன்று கொடுத்தாள். தூங்கு கங்கே, விடியும்போது விழி.

மூன்றாவது பாறையிடம் வந்தபோது சட்டியில் ஒரே ஒரு கங்குதான் மிச்சம்.

"என்னங்க, கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்று அழுதாள்.

"நானா இருந்தாலும் குடுத்திருப்பேன், தழலி" என்றது பாறை.

கடைசிக் கங்கையும் வைத்து மூடினாள். தூங்கு கங்கே, விடியும்போது விழி. அவள் பாதம் கல்லானது. முழங்கால் கல்லானது. இடுப்பு கல்லானது. பனிமாயன் சிரித்தான்.

பாவம், பனிக்கு மேலே தெரிந்ததுதான் அவனுக்குத் தெரியும். பனிக்குக் கீழே அவை மூன்று பாறைகள் இல்லை, ஒரே மலை. மூன்று கங்கின் சூடும் மெல்ல இறங்கி, விடியும் நேரத்தில் அடியில் ஒன்று சேர்ந்தது. மலை ஒரு மூச்சு விட்டது. பனிமாயன் உருகி ஓடினான். தழலியின் கால்கள் திரும்ப வந்தன. பாறைகளுக்குள்ளிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள்.

அதியன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் அசையாமல் நின்றார்கள். அவர்கள் கல்லாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. தேடிப் போக யாரும் உயிரோடு இல்லை.

தழலி காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குள்ள எரியறது எங்க வீட்டு நெருப்புதானே? வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அந்தக் கரிய மலைமுடிகளில் இன்றும் பனி தங்குவதில்லை. அவர்கள் அடுப்பு அணையவில்லை, நம் அடுப்பும் அணையாதிருக்கட்டும்.