மேகத்திடம் கேட்கப் போன இருவாச்சி

ஒரு காட்டில் மேகங்கள் மரத்துக்கு மரம் உட்கார்ந்து இளைப்பாறும். நண்பகல் வரை வெயில் தரைக்கு வராது. அருவியின் சத்தம் கேட்கும். ஆனால் அருவி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அந்தக் காட்டில் பொன்னலகன், வெண்சிறகி என்று இரண்டு இருவாச்சிப் பறவைகள் கணவனும் மனைவியுமாக வாழ்ந்தன. பொன்னலகனுக்கு எதற்கெடுத்தாலும் கவலை. வெண்சிறகி நிதானமானவள், அதிகம் பேசமாட்டாள். ஐந்து மழைக்காலம் போயும் அவர்களுக்கு ஒரு குஞ்சு பிறக்கவில்லை.

ஒருநாள் காலையில் வெண்சிறகி சுனைக்கரை மரத்தில் தனியாகச் சிறகைக் கோதிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வெண்மேகம் இறங்கி அவளைச் சூழ்ந்து நின்றது. மற்ற மேகங்களைப்போல அது குளிரவில்லை. தாயின் இறகுக்கடியில் இருப்பதுபோல இளஞ்சூடாக இருந்தது. உள்ளிருந்து வனதேவதையின் குரல் வந்தது.

"வெண்சிறகி, இந்த வேனிலில் உனக்கு ஒரு பிள்ளை பிறப்பான். தீப்பிடித்துக் கருகிக் கிடக்கிறதே கிழக்குச் சரிவு, அது அவனால் மறுபடியும் காடாகும். நீ பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள். அவன் பறக்கும் நாள் வரை அந்தச் சுவர் உடையக் கூடாது. உன் கணவன் கொண்டுவரும் பழத்தை நீயும் தின்று, பிள்ளைக்கும் கொடு."

மேகம் கலைந்தது. தூங்கினோமா, விழித்திருந்தோமா என்று வெண்சிறகிக்கே தெரியவில்லை. இறகுகளில் மட்டும் அந்தச் சூடு மிச்சம் இருந்தது.

செய்தியைக் கேட்ட பொன்னலகன் மகிழ்ச்சியில் மரத்தை மூன்று முறை சுற்றி வந்தான். நான்காவது சுற்றில் கவலை வந்துவிட்டது.

"அவ்வளவுதான் சொன்னதா?"

"அவ்வளவுதான்."

"ஒரு காட்டையே உண்டாக்கப் போகிற பிள்ளை! அவனுக்கு என்ன கற்றுக்கொடுப்பது? யாரோடு பழக விடுவது? முதலில் எந்தத் திசையைக் காட்டுவது? இதையெல்லாம் நீ கேட்கவில்லையா?"

"கேட்கத் தோன்றவில்லை" என்றாள் வெண்சிறகி.

"அப்படியானால் நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்றான் பொன்னலகன்.

வேனில் வந்தது. வெண்சிறகி ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவிட்டு, வாசலை மண்ணால் பூசி அடைத்தாள். சில நாட்களில் அவளுடைய சிறகின் இறகுகள் உதிர்ந்தன. குழந்தைகளே, பொந்துக்குள் இருக்கும் காலத்தில் பெண் இருவாச்சியால் பறக்க முடியாது. கணவன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

முட்டை பொரிந்து குஞ்சு வந்தது. பொன்னலகனின் கவலையும் வளர்ந்தது. தினமும் விடிந்ததும் மலை உச்சிப் பாறைக்குப் பறந்து போவான்.

"தாயே, எங்கள் பிள்ளையை எப்படி வளர்ப்பது? சொல்லுங்கள்!"

மேகங்கள் வந்தன, போயின. ஒன்றும் பேசவில்லை. அவன் காத்திருந்து காத்திருந்து பொழுது சாயும் நேரத்தில் திரும்புவான்.

"இன்றைக்கு நான்கு பழம்தானா?" என்று பிளவு வழியாகக் கேட்டாள் வெண்சிறகி.

"அவனுடைய வருங்காலத்துக்காகத்தானே அலைகிறேன்?" என்றான் பொன்னலகன்.

வெண்சிறகி நான்கையும் பிள்ளைக்கே ஊட்டினாள். அவன் அப்புறமும் வாயை மூடவில்லை.

முட்டையும் குஞ்சும் திருடித் தின்னும் மரநாய் ஒன்று இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. காய்ந்து இறுகிய அந்தச் சுவரை அதன் நகத்தால் கீறக்கூட முடியவில்லை. பொன்னலகனின் பெரிய அலகால்தான் உடைக்க முடியும். எனவே ஒருநாள் அது உச்சிப் பாறையின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. மேகம் கவிந்ததும் குரலை இழுத்துப் பேசியது.

"பொன்னலகா! உன் பக்தியை மெச்சினேன். இருட்டில் வளரும் பிள்ளை கோழையாவான். சுவரை உடை. அவனை இந்தப் பாறையில் விட்டுவிட்டு, நீ மூன்று நாள் தள்ளிப் போய் இரு. காற்றும் மலையும் அவனுக்குப் பாடம் சொல்லும்."

மேகம் சில்லென்று இருந்தது. ஆனால் பதில் கிடைத்துவிட்ட பரவசத்தில், கனவில் பறப்பவனைப்போல அவன் கீழே வந்தான். நேராகப் போய்ச் சுவரைக் கொத்தினான். ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

"என்ன செய்கிறீர்கள்?" என்று உள்ளிருந்து அலறினாள் வெண்சிறகி.

"தெய்வம் பேசிவிட்டது! பிள்ளையைப் பாறையில் தனியாக விடச் சொல்கிறது!"

வெண்சிறகி பிள்ளையைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "உங்களைத் தடுக்க எனக்கு இறகும் இல்லை, தெம்பும் இல்லை. ஒன்றே ஒன்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்து மனமிரங்கிக் கொடுத்த பிள்ளையை, கண் திறப்பதற்குள் பாறையில் போட்டுவிடு என்று அந்தத் தெய்வம் சொல்லுமா?"

சுவர் உடைந்த இடத்தில் வெளிச்சம் உள்ளே விழுந்தது. பொன்னலகன் அப்போதுதான் தன் பிள்ளையை நன்றாகப் பார்த்தான். இறகு முளைக்காத உடம்பு. பாதி மூடிய கண். சிவந்த வெறும் வாய். பக்கத்தில் எலும்பு தெரிய ஒடுங்கிக் கிடந்தாள் வெண்சிறகி. ஓங்கிய அலகு அப்படியே நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டாய்? இன்னும் இரண்டு கொத்துதானே!" என்று கீழிருந்து ஒரு குரல் அவசரப்படுத்தியது.

பாறையில் கேட்ட அதே குரல்! பொன்னலகன் திரும்பிப் பார்த்தான். பாறையிலிருந்து பின்னாலேயே ஓடிவந்து, அடிமரத்தைப் பற்றிக்கொண்டு, நாக்கில் எச்சில் ஊற மரநாய் நின்றது. அவன் பாய்ந்து அதன் மூக்கில் ஒரு போடு போட்டான். அது உருண்டு விழுந்து புதருக்குள் ஓடிப்போனது.

பொன்னலகன் கிளையில் தலைகுனிந்து அழுதான். அப்போது எங்கிருந்தோ ஒரு வெண்மேகம் இறங்கி வந்தது. அது இளஞ்சூடாக இருந்தது.

"தாயே! எனக்கும் சொல்லுங்கள். எங்கள் பிள்ளையை எப்படி வளர்ப்பது?"

"அவளிடம் சொன்னதுதான். புதிதாக ஒன்றும் இல்லை."

"அதற்குப் பிறகு?"

"அத்தி பழுத்திருக்கிறது" என்றது குரல்.

மேகம் விலகியது. பள்ளத்தாக்குக்கு அப்பால் ஓர் அத்திமரம் கிளையெல்லாம் சிவந்து நின்றது.

பொன்னலகன் ஈரமண்ணை எடுத்துவந்து கொடுக்க, வெண்சிறகி உள்ளிருந்து உடைந்த இடத்தைப் பூசினாள். அன்று மாலைக்குள் அவன் அத்திமரத்துக்குப் பதினொரு முறை போய்வந்தான். கடைசிப் பழத்தை விழுங்கியதும் பிள்ளை முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு தூங்கினான்.

அதன்பின் பொன்னலகன் உச்சிப் பாறைக்குப் போகவே இல்லை.

முதல் மழைக்கு முன் சுவர் உள்ளிருந்து உடைந்தது. புதுச் சிறகோடு வெண்சிறகி வந்தாள். பின்னாலேயே பிள்ளை வந்தான். அவன் பழம் தின்று சிந்திய விதைகளால் கிழக்குச் சரிவு காடானது பல வருடங்களுக்குப் பிறகுதான். வெளியே வந்த அன்றைக்கு அவனுக்குக் கிளையில் நிற்கவே தெரியவில்லை. தட்டுத்தடுமாறி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

துணிவைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் சொல்வதற்குப் பொன்னலகன் நிறைய யோசித்து வைத்திருந்தான். மகன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"பசிக்கிறதா?" என்று கேட்டான்.

"ரொம்ப, அப்பா."

மூவரும் பழம் தேடி மேகத்துக்குள் பறந்து போனார்கள்.

நீதி: நாளை பெரியவனாகப் போகிற பிள்ளைக்கும் இன்று பசிக்கும், பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.